இன்னொருக்கா

எங்கள் கூரைத் தகரம் இறால்.
அடகில் இருந்து மீண்ட தோடு இறால்.
மகனின் கண்ணாடி, அதற்குள் தெரியும் கரும்பலகை,
கொட்டியாரக் குடாவில் ஒரு நல்ல கிழமை
வலையில் துள்ளிய இறால்.

முப்பத்தாறு வயதுவரை
தலையையும் உறிஞ்சித்தான் தின்றேன்.
பிறகு ஒருநாள், சொதி சாப்பிட்ட கையோடு
முழங்கை மடிப்பில் தடிப்புத் தடிப்பாய்.
"கிரந்தி" என்றாள் மச்சாள் சுகுணவதி.
"கத்தரிக்காயையும் விடு, ரெண்டு நாளில போயிடும்."
போனது.
போய், ஆள் சேர்த்துக்கொண்டு வந்தது.

டச்சுக் குடாக் கடற்கரை, பின்னேரம் ஐந்தரை.
நான் வாங்கியது உளுந்து வடை.
அதே தாச்சி, அதே எண்ணெய்.
எனக்கு முன்னால் நின்றவர்களுக்கு
அதில் பொரிந்தது இறால் வடை.
எண்ணெய்க்கு ஞாபகம் உண்டென்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் உதடு, எறும்பு ஊர்ந்ததுபோல.
பிறகு உள்ளங்கை.
பிறகு தொண்டைக்குள் யாரோ
கதவை மெதுவாகச் சாத்துகிற மாதிரி.
யோகேஸ்வரன் ஓட்டோ மறிக்க ஓடினான்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
என் வடை சுற்றிய தாளை
மையோடு, எண்ணெயோடு,
அவசரமில்லாமல் மென்று விழுங்கியது.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.
அந்த மாலையில் வடிவாக ஞாபகமிருப்பது அது மட்டும்தான்.

தொடையில் ஊசி.
நெஞ்சு படகு எஞ்சின்போல அடித்தது.
கதவு திறந்தது.

விடிய, வார்டு கூட்ட வந்த நஸ்மியா சொன்னாள்:
"எனக்கும் ஒங்களப் போலதான்,
பால் தேத்தண்ணி ஒத்துக்காது.
வயிறு ஊதி, ஓடி ஓடி..."
சின்ன வயது டொக்டர், சட்டைப்பையில் மைக்கறை,
தலையாட்டினார், இல்லையென்று.
"உங்களுக்குச் செமிக்கிறதில்லை. இவவுக்குச் சண்டை.
பாலை உடைக்க உங்கட குடலில ஆள் காணாது.
அரைக் கோப்பையைச் சமாளிக்கும்,
தயிரென்றால் இன்னும் கொஞ்சம் சமாளிக்கும்.
இவவின்ட உடம்பு அளவு பார்க்காது.
ஆளைக் கண்டாலே சுடும்."

நஸ்மியா தும்புத்தடியில் சாய்ந்து யோசித்தாள்.
"கிண்ணியாவில பொறந்து
தயிர் தின்னேலாட்டி என்ன சீவியம் எண்டு பயந்தன்.
அப்ப என்ட வயிறு ஏழை,
ஒங்கட ரத்தம் கோவக்காரன்."
டொக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.
மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்
நான் எழுதிக்கொண்டேன்.

சோதனைச் சாவடிகளை எடுத்து எத்தனை வருஷம்.
எனக்குள் ஒன்று புதிதாய் முளைத்திருக்கிறது.
நாளும் பொழுதும் போய்வந்த ஊர்க்காரனை
அடையாள அட்டைகூடக் கேட்காமல்
எதிரி என்கிறது.

சாம்பல்தீவுக் கலியாண வீட்டில்
"கொஞ்சம்தானே, எடுத்து வச்சிட்டுச் சாப்பிடுங்கோ" என்றார்கள்.
சுகுணவதி ஒருபடி மேலே:
"எல்லாம் மனம்தான்.
தெரியாமத் தின்றால் ஒன்றும் செய்யாது."
அன்றிலிருந்து அவள் வீட்டில்
தண்ணீர் மட்டும் குடிக்கிறேன்,
என் போத்தலில் இருந்து.
அதற்கு அவள் கோபம். இருக்கட்டும்.
அகப்பை எது, சட்டி எது,
முன்னால் என்ன பொரித்தீர்கள் என்று
கடைக்குக் கடை கேட்கிற பெண்ணாகிவிட்டேன்.
வரிசையில் பின்னால் நிற்பவர்கள்
வானத்தைப் பார்க்கிறார்கள்.

யோகேஸ்வரன் இன்னும் கடலுக்குத்தான் போகிறான்.
வேறெங்கே போவது?
விடியப்புறம் வந்து கிணற்றடியில் நிற்கிறான்.
சவர்க்காரம், தேசிக்காய், திரும்பவும் சவர்க்காரம்.
நகக்கண், மோதிரத்தின் அடி.
"மீசையுமா?"
"மீசைதான் முதல்."

வாளி இறங்கும் சத்தம்.
உள்ளே பாயில் கிடந்து எண்ணுகிறேன்.
உப்பும் சேறும் இறாலும் கலந்த அந்த மணத்தில்தான்
பத்தொன்பது வயதில் நான் விழுந்தேன்.
அதைத்தான் கழுவச் சொல்கிறேன்.

"காணுமே?" என்கிறான், குளிரில் பல்லடிக்க.

"இன்னொருக்கா."